பந்தியிலும் கல்லறையிலும்: நெல்லைச் சீமையில் விசுவாசமும் தன்மதிப்பும்

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற சாலையில் கழுகுமலை இருக்கிறது. வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊரின் தேரடித் தெருவில் 1895-இல் நடந்தது தெரியாது. அங்கிருந்த நாடார்கள் தேரோடும் வீதிகளில் தாங்களும் ஊர்வலம் போக உரிமை கேட்டார்கள். கோவில் எட்டயபுரம் ஜமீனுடையது. ஜமீன் மறுத்தது, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அதன்பின் அவர்களில் ஒரு பகுதியினர் ரோமன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். தேரோடும் வீதியிலேயே ஒரு கட்டடத்தை வாங்கிச் சிற்றாலயம் ஆக்கினார்கள். பங்குனித் தேரோட்டத்தன்று அதன் முன்னால் போட்டிருந்த பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தகராறு எழுந்து, கத்திக்குத்தும் தீவைப்புமாக முடிந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

இதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரு உபாயம் என்றே எழுதிச் செல்கிறார்கள்: இந்துவாக இருந்து கிடைக்காத வீதியைக் கிறித்தவராகிப் பிடித்தார்கள், அவ்வளவுதான் என்று. உபாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட வீதியில் சொந்தமாக ஒரு வாசற்படியைக் கட்டி, அதற்குள் தன்னை ஏற்கும் ஒரு கடவுளை வைத்தவனுடைய மனத்தில், உபாயம் எந்த இடத்தில் முடிந்து விசுவாசம் எந்த இடத்தில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கடவுளின் பார்வையில் ஒவ்வொரு மனிதரும் விலைமதிப்பு மிக்கவர் என்பது இன்று நெல்லை, தென்காசி வட்டாரத்துச் சபைகளில் அதிகம் கேட்கும் பிரசங்கப் பொருள்களில் ஒன்று. வாலிபர் கூட்டங்களில் இது இன்னும் நவீனமான மொழியில் வருகிறது: தாழ்வு மனப்பான்மை, சுயமதிப்பு, அடையாளம். அமெரிக்கப் புத்தகங்களின் சாயல் இதில் உண்டு. ஆனால் பொருள் புதிதல்ல. இருநூறு ஆண்டுகளாக இந்தச் சீமையில் இந்தச் சொல் பலரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சிலரிடம் பலித்திருக்கிறது, சிலரிடம் பலிக்கவில்லை. எங்கே பலித்தது, எங்கே தட்டிப்போனது என்று பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பந்தியில் உட்காரும் இடம், ஆலயத்தில் இருக்கும் இடம், கல்லறையில் படுக்கும் இடம், வாசிக்கத் தெரிந்த கண், காணிக்கை போடும் கை ஆகியவை அந்தச் சொல்லோடு ஒத்துப்போன இடங்களில்தான் அது மனிதர்களுக்குள் வேர்பிடித்தது. ஒத்துப்போகாத இடத்தில் அதே சொல் சபைக்கு எதிரான சாட்சியாகத் திரும்பியது.

தெற்கிலிருந்து தொடங்க வேண்டும். சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த சுந்தரானந்தம் என்ற பனையேறிச் சமூகத்து இளைஞர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, தாவீது என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவரை நம்பி வேதத்தில் சேர்ந்தவர்களுடைய ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, குடிசைகள் பறிபோயின. 1799-இல் கொஞ்சம் நிலம் வாங்கி அவர்கள் தங்களுக்கென்று ஒரு ஊரை உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர். அதன்பின் நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், சாயர்புரம் என்று வரிசையாக ஊர்கள் எழுந்தன. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து பத்தாண்டு கழித்துத் தொடங்கிய தர்ம சங்கத்தின் வேலையே இதுதான்: துரத்தப்பட்ட வேதக்காரர்கள் குடியிருக்க நிலம் வாங்குவது. நிலத்துக்காரன் நினைத்த நேரத்தில் கூரையைப் பிடுங்கி எறியக்கூடிய ஒருவனிடம் போய் நீ கடவுளின் பிள்ளை என்று சொன்னால் அவன் தலையாட்டுவான், நம்புவது கடினம். அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு இறையியல் கர்வம் நிறையவே இருந்தது. ஆனாலும் நிலத்தைப் பற்றிய இந்தப் புரிதல் அவர்களுக்கு இருந்தது.

திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய குமரி மாவட்டத்தில், அதே கதை உடம்பின் மேல் நடந்தது. மார்பை மறைக்க உரிமையில்லாத நாடார் பெண்கள் கிறித்தவரானபின் குப்பாயம் என்ற மேல்சட்டை அணிந்தார்கள். அதைக் கிழித்தெறிந்த கலவரங்கள் 1820-களில் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு நடந்தன. அந்த ஆண்டு ஜூலை 26-இல் வந்த அரச ஆணை உடம்பை மூட அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல மூட அனுமதிக்கவில்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய பின்னல் லேஸ் தொழிலில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள் என்பது அந்த மிஷன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மார்த்தாவின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது லேஸும் கூடவே வந்தது. மீட்பு என்பதைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்ட பெண்ணுக்கு, தன் விரல் பின்னிய நூலால் தன் விலையைத் தானே செலுத்திய நாளில் அந்தப் பிரசங்கம் வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

வட நெல்லையில் நிலைமை வேறு. சங்கரன்கோவில், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்கள் கரிசல் பூமி; ஜமீன்களின் பூமி. ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி 1854-இல் இரண்டு தோழர்களோடு கூடாரம் அடித்து ஊர் ஊராக இங்கே அலைந்தார். நான்கே ஆண்டுகளில், 1858 அக்டோபரில், சிவகாசியில் இறந்துபோனார். தெற்கில் ஊர் ஊராகச் சேர்ந்ததுபோல இங்கே கூட்டம் சேரவில்லை. ஆனால் ராக்லண்டின் அலைச்சலைவிட முக்கியமான ஒன்று அப்போது நடந்தது. தெற்கத்தி சபைகள் தங்கள் செலவில் உபதேசிமார்களை மாதமுறை வைத்து வடக்கே அனுப்பின. இரண்டு தலைமுறைக்கு முன் பனங்காட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள், இன்னொரு வட்டாரத்துக்கு ஆள் அனுப்பி, அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். வாங்குகிறவர் கொடுக்கிறவர் ஆனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். கிறித்தவ விசுவாசம் ஏழைகளுக்கு மதிப்பைக் கொடுத்தது என்று பேசுகிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் உடனே சொல்வார்கள். அவை பெரியவைதான். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 1890-களில் பள்ளிகள் எழுந்தன. இங்கிலாந்தை விட்டு வெளியே வராத, உடல் ஊனமுற்ற ஒரு பெண்ணின் பெயரில் சாரா தக்கர் கல்லூரி 1895-இல் பெண்களுக்காகத் திறந்தது. ஆனால் இவையெல்லாம் கொடுக்கப்பட்டவை. கொடையைப் பெற்றுக்கொள்வதால் நன்றி வரும். மதிப்பு வருமா என்பது நிச்சயமில்லை. நெல்லைச் சபைகளில் மதிப்பை உண்டாக்கியது கைப்பிடி அரிசி என்று நான் நினைக்கிறேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, அதை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் அது. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றிலிருந்து ஒரு பிடி. அந்த அரிசியை ஏலம் விட்டு வந்த பணத்தில் உபதேசியாருக்குச் சம்பளம் போயிருக்கிறது, கூரைக்கு ஓடு ஏறியிருக்கிறது. கலயத்தில் பிடியரிசி போட்டவள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள். வீட்டில் வேறெந்த வரவு செலவிலும் அவளுக்குச் சொல்லுரிமை கிடையாது. இந்த ஒரு பிடி அவள் கை தீர்மானித்தது.

அதே போன்றது அசனம். ஆலயப் பண்டிகையில் ஊரே கூடிச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடுவது நெல்லைச் சபைகளில் இன்றும் பெரிய நிகழ்ச்சி. சோற்றையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் பற்றி ஊருக்கு ஊர் பெருமை பேசுவார்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதே மனிதர்களின் தரத்தை அளந்த ஒரு சமூகத்தில் பந்தி என்பது சும்மா சாப்பாடு இல்லை. எல்லா ஊர் அசனத்திலும் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா என்றால், இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

கைப்பிடி அரிசியின் தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். இந்தியர் பணமும் இந்தியர் ஆட்களும் கொண்டே நடக்க வேண்டும் என்ற விதியோடு 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றார். சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. பின்னர் அவரே போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இரண்டாண்டு முன்னால் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது இன்றும் நினைக்கப்படுகிறது. மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் மதித்துச் சொல்லிவிட்டு, எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்று கேட்டார். அந்த அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. உடைமையைக் கொடுத்தவர்கள், உயிரையும் கொடுத்தவர்கள், சமமான நாற்காலியைக் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நன்மை செய்கிறவரோடு சமமாக உட்கார முடியாதவரை, பெற்ற நன்மையே ஒருவரைச் சிறியவராக்கிக்கொண்டிருக்கும் என்பதை அசரியா கண்டிருந்தார்.

அவருக்கு அறுபதாண்டு முன்பே இதே காயம் வேறொரு வடிவில் வெடித்திருந்தது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கொடுத்த கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலிச் சாணார்கள் (நாடார்களின் பழைய பெயர்) பற்றி ஒரு நூல் எழுதினார். தன் சபை மக்களை அவர் விவரித்த விதம், அவர்களிலேயே படித்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரிந்தபோது, கொதிப்பை உண்டாக்கியது. ஞாயிறுதோறும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று கேட்டுவிட்டு, வாரநாளில் தன்னைப் பற்றி ஐயர் எழுதிய இங்கிலீஷ் புத்தகத்தில் அறிவு மந்தமானவன் என்று படித்தால் எப்படி இருக்கும்? அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை 1857-இல் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து, இந்து கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், யூத முறைகள், உள்ளூர் வழக்கங்கள் எல்லாம் கலந்த வினோதமான சபை. அதை வேடிக்கையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு: வெள்ளைக்காரர் கையைத் தாண்டி நேரடியாக வேதத்திடம் போய், நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்ற ஒருவரின் பிடிவாதம். மதிப்பைக் கற்றுக்கொடுத்த புத்தகத்தை வைத்தே, கற்றுக்கொடுத்தவரை அவர் எதிர்த்தார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நாடார்கள் எழுச்சி பெற்றது கிறித்தவத்தாலா? விருதுநகர், சிவகாசி, கமுதி நாடார்கள் இந்துக்களாகவே இருந்து எழவில்லையா? உண்மை. உறவின்முறை, கடைக்குக் கடை வசூலித்த மகமை, அதிலிருந்து விருதுநகரில் 1880-களில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை, 1910-இல் நாடார் மகாஜன சங்கம், பிறகு சுயமரியாதை இயக்கம். செங்கல்பட்டில் 1929-இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். கடவுளே இல்லாமல் மதிப்பைக் கட்ட முடியும் என்ற இயக்கத்தின் மேடையில் அவர் உட்கார்ந்தார். சிவகாசிக் கொள்ளை 1899-இல் நடந்தது கோவிலுக்குள் நுழையக் கேட்ட இந்து நாடார்கள் மேல்தான்; அதன்பிறகும் அவர்கள் பெருந்திரளாக மதம் மாறிவிடவில்லை.

ஆகவே விசுவாசம் மட்டுமே வழி என்று சொல்லும் சபை வரலாறுகள் பாதிக் கதையைச் சொல்கின்றன. ஆனால் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவற்றின் ஒற்றுமைதான் கண்ணில் படுகிறது: மகமையும் கைப்பிடி அரிசியும் ஒரே வேலையைச் செய்தன. வித்தியாசம், யாரிடம் என்பதில். மகமை போடக் கடை வேண்டும், வண்டி வேண்டும், சரக்கு வேண்டும். தேரிக்காட்டுப் பனையேறிக்கு அவை இல்லை. அவனிடம் இருந்தது உலையில் போடும் அரிசி. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அமைப்பு அவனுடைய சபைதான்.

பனையேறியைவிடக் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது கதை கசக்கிறது. ரேனியஸ் தன் மாணவர் விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றபோது வேளாளப் பிள்ளைகள் மறுத்தார்கள். நெல்லையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியார், ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதைக் காப்பாற்ற எழுதினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விடவேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சை, சென்னைச் சபைகளில் பலர் எதிர்த்தார்கள். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் இருக்கிறது: வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் திருப்பலி காண, இரண்டு கிளையாகக் கட்டப்பட்ட ஆலயம், இடையில் சுவர். அந்தச் சுவரைக் கௌசானல் அடிகள் 1910-இல் இடித்தார், வழக்கு நடந்தது, சுவர் திரும்ப எழவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்திருக்கிறார். வேளாளர், நாடார் இருவருக்கும் நடுவிலிருந்த சுவர் இடிந்தது. இருவருக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கான சுவர்கள் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் நின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் பலமுறை செய்தியானது. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர். சங்கரன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் வருகிற ஊர்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய ஆசைப்பட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே சாதியையும் வசதியையும் பார்த்து, ஏழாண்டு கழித்து வெளியேறியவர். தன்மதிப்பு, கிறித்தவ விசுவாசம் என்ற இரண்டு சொல்லும் ஒரே வரியில் வருகிற எந்த ஆய்வும் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. அதை விசுவாசத்தின் தோல்விக் கதை என்று வாசிக்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. மடத்தை எதிர்த்து அவர் வைக்கும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? நசுக்கப்பட்டவர் பக்கம் நின்ற இயேசுவிடமிருந்துதான். சபை ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்தது. அவர், சபை சொன்னதை வைத்து அது செய்ததை அளந்தார். சட்டாம்பிள்ளை செய்ததும் இதுவே, அசரியா செய்ததும் இதுவே. விசுவாசம் தருகிற தன்மதிப்பின் நம்பகமான அடையாளம் சாந்தமான முகம் இல்லை. தன்னை உருவாக்கிய சபையிடமே கணக்குக் கேட்கிற தைரியம் என்று இந்த மூவரையும் வைத்துச் சொல்லலாம்.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு இதே கணக்கை இசையில் கேட்டார். பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் கூப்பிட்ட அவர், கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கீர்த்தனை கர்நாடக ராகத்தில் இருக்கலாம், ஞானப்பாட்டு இங்கிலீஷ் மெட்டில் இருக்கலாம், ஆனால் பறை மட்டும் வாசலோடு நிற்க வேண்டும் என்றால், அதை அடிக்கிறவனும் பாதி வாசலோடுதான் நிற்கிறான் என்பது அவர் வாதம். பறையடிப்பதை இழிவென்று விட்டொழித்த தலித் கிறித்தவர்களிலேயே பலர் அதைத் திரும்ப எடுக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவருக்கு மீட்பாகத் தெரிவது இன்னொருவருக்குப் பழைய நுகமாகத் தெரியும்.

பெண்களின் கதை தனியாக எழுத வேண்டிய அளவு பெரிது. ஒன்றை மட்டும் தொடுகிறேன். மிஷனரி எமி கார்மைக்கேல் டோனாவூரில் கோவிலுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளை வளர்த்தார். 1901-இல் தப்பி வந்த ஒரு சிறுமியில் அது தொடங்கியது. 1951-இல் அவர் இறந்தபோது, கல்லறைக் கல் வேண்டாம் என்ற அவர் விருப்பப்படி, பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றில் அம்மா என்று மட்டும் பொறித்து வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத குழந்தையை வேண்டுமென்று எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய மதிப்பு கிடையாது. அதே சமயம், அந்த மதில்களுக்குள் வளர்ந்த பெண்கள் வெளியுலகை எதிர்கொள்ள எவ்வளவு ஆயத்தப்படுத்தப்பட்டார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. காப்பாற்றப்பட்டவர் என்பது ஒருவரின் முழு அடையாளமாகிவிட்டால் அவர் எப்போது வளர்வார்?

இதுவரை பேசியதெல்லாம் கூட்டத்தின் கதை. இன்று பிரசங்கங்களில் கேட்பது தனியாளின் கதை. அதற்கும் இந்த வட்டாரத்தில் ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே சுரண்டையில் 1935-இல் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன், இருபது வயதை எட்டுமுன், எதிர்காலமே இருட்டாகத் தெரிந்த ஒரு நாளில் உயிரை மாய்த்துக்கொள்ளப் போனார். வழியில் எதிர்ப்பட்ட உறவினர் ஒருவர் இயேசுவைப் பற்றிப் பேசித் திருப்பி அனுப்பினார். 1955-இல் நடந்த இதைப் பின்னாளில் அவர் ஆயிரக்கணக்கான மேடைகளில் சொன்னார். 1970-களில் தொடங்கிய ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியம் வானொலி வழியாகவும் மாத இதழ் வழியாகவும் பிற மதத்தவர் வீடுகளுக்கும் போனது. அந்த ஊழியத்தின் ஜெபக் கோபுரத்துக்குக் கடிதம் எழுதியவர்களில் பலர் தேர்வில் தோற்றவர்கள், வேலை கிடைக்காதவர்கள், குழந்தையில்லை என்று ஏச்சு கேட்ட பெண்கள். ஊரும் குடும்பமும் தோல்வி என்று முத்திரை குத்தியவர்களுக்கு, பெயர் சொல்லி ஒருவர் ஜெபித்துப் பதில் எழுதினார் என்பதே பெரிய காரியமாக இருந்தது.

இதில் உளவியல் ரீதியாக என்ன நடக்கிறது? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் தன்மதிப்புக்கு ஒரு கணக்குச் சொன்னார்: ஒருவர் சாதித்ததை அவர் ஆசைப்பட்டதால் வகுத்தால் வருவதே தன்மதிப்பு. நம் வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமானது; வகுக்கும் எண் பிள்ளையின் ஆசைகூட இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண். கிறித்தவ விசுவாசம் இந்தக் கணக்கைத் திருத்துவதில்லை, கணக்குப் போடுவதையே நிறுத்துகிறது. சாதனைக்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டாய் என்கிறது. கிருபை என்று சபை சொல்வது இதைத்தான். தோற்றவனுக்கு இது மூச்சுவிட இடம் கொடுக்கிறது.

ஆனால் இதே மேடைகளில் இன்னொரு கணக்கு பின்வாசலால் வந்துவிடுகிறது. விசுவாசித்தால் வேலை கிடைக்கும், கர்ப்பம் தரிக்கும், கடன் தீரும் என்ற வாக்குறுதி சேர்ந்துகொண்டால், கிடைக்காதவரின் நிலை என்ன? முன்பு அவர் வாழ்க்கையில் தோற்றவர். இப்போது விசுவாசத்திலும் தோற்றவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இடத்தில் சாட்சி சொல்லும் பக்கத்து நாற்காலிக்காரர் வந்து உட்காருகிறார். பெரிய கூட்டங்களில் சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் கிடைத்தவர்கள். கிடைக்காமலும் விசுவாசத்தோடு இருப்பவருக்கு மேடை கிடையாது. கிருபையைப் பிரசங்கிக்கிற இடத்தில் கிருபைக்கு நேர் எதிரானது இப்படித்தான் நடக்கிறது. மனம் தளர்ந்த பிள்ளைக்கு மருத்துவரும் தேவை என்று சொல்லும் ஐயர்மார் இப்போது கூடிவருகிறார்கள் என்பது ஆறுதல்.

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனம் பேதலித்தவர்களை அதில் உட்கார வைக்கிறார்கள், புற்றுமண்ணைப் பூசுகிறார்கள். ஆடித் தபசுக்கு வருகிற லட்சக்கணக்கானோரில் அந்தக் குழியை நம்பி வருகிறவர்களும் உண்டு. ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவரும் குழியில் உட்காருகிறவரும் சில வீடுகளில் ஒரே ஆள்தான். இதைக் குழப்பம் என்று இரு மதத்துக் கண்டிப்பானவர்களும் சொல்வார்கள். இடிந்த மனதோடு வருகிறவருக்கு உட்கார ஒரு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதுதான் இந்த வட்டாரத்தின் பழைய சண்டை.

அந்தச் சண்டையில் அரசும் ஒரு தரப்பு. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விலக்குக் கிடைத்தது; கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1981 பிப்ரவரியில் தென்காசி பக்கத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்தில் சேர்ந்தபோது நாடே அதிர்ந்தது; டில்லியிலிருந்து தலைவர்கள் வந்து போனார்கள். வெளிநாட்டுப் பணம் என்றார்கள். மாறியவர்கள் சொன்ன காரணம் மரியாதை.

சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு தலித், சபைப் பதிவேட்டில் உள்ள தன் பெயரையே அரசுத் தாளிலும் எழுதினால், தன் சொந்தத் தொகுதியில் வேட்புமனு தாக்கல் செய்ய முடியாது. அதனால் ஞானஸ்நானத்தில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கடவுளுக்கு முன்னால் நீ இன்னார் என்று சபை கொடுத்த பெயரை, தாசில்தாருக்கு முன்னால் மறைக்க வேண்டியிருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே மதத்தை வைத்துப் பட்டியல் சாதி நிலையை மறுப்பது கூடாது என்று பரிந்துரைத்தது. அது கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்து, அதன் கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

சலுகை தருவதை எதிர்ப்பவர்களின் வாதம், கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்கு என்பது. தலித் கிறித்தவர்கள் ஆணையங்களின் முன் அதற்குப் பதிலாக வைக்கும் சாட்சியம் அவர்களுடைய சபைகளின் தனிக் கல்லறைகளும் தனித் தெருக்களும் தனிப் பாடைகளும்தான். இந்தச் சாட்சியத்தை உறுதிப்படுத்தினால் சபை தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் தன் பிள்ளைகளின் உரிமையைக் கெடுக்க வேண்டும். ஆயர் பேரவைகள் ஊர்வலம் போகின்றன, மனு கொடுக்கின்றன, கறுப்புக் கொடி ஏற்றுகின்றன. டில்லி முடிவெடுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கல்லறைச் சுவரை இடிக்க டில்லி உத்தரவு வேண்டியதில்லை. வடக்கன்குளத்தில் கௌசானலுக்கு அது தேவைப்படவில்லை.